கல்லீரல் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மனத்தையும் அன்றாட வாழ்வையும் பேணுவது எப்படி

அச்சம் மிகுந்தால் ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்று சொல்வது நம் வழக்கம். கல்லீரலில் கட்டி இருப்பதாகக் கேள்விப்பட்ட வீட்டில் அந்தச் சொல் வெறும் வழக்காக நிற்பதில்லை. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, தையல் ஆறி, நோயாளி வீடு திரும்பிய பிறகும் அந்த நடுக்கம் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. அதைப் பற்றிக் கேட்க மருத்துவமனையில் நேரமும் இருப்பதில்லை. கேட்கலாம் என்று நமக்குத் தோன்றுவதும் இல்லை. என் அக்காவுக்கு இந்த அறுவைச் சிகிச்சை நடந்தபோது கூடவே இருந்து கவனித்துக்கொண்டவன் நான். அதன்பின் இதே நிலையில் உள்ள பல குடும்பங்களோடு பேசியும் வருகிறேன். முன்பே தெரிந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ உதவியிருக்கும் என்று கருதுபவற்றை இங்கே எழுதுகிறேன். மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது துணையாகும். மருத்துவரின் இடத்தை இது எடுத்துக்கொள்ளாது.

ஈரல் தேறுவதும் மனம் தேறுவதும்

வெட்டி எடுத்தபின் மீண்டும் வளரக்கூடிய உறுப்பு கல்லீரல். வேறு நோயில்லாத ஈரலாக இருந்தால், மூன்றில் இரண்டு பங்கு வரை எடுத்தாலும் மீந்திருக்கும் பகுதி பெருத்துச் சில மாதங்களுக்குள் ஏறத்தாழப் பழைய அளவை எட்டிவிடும். சிர்ரோசிஸ் எனப்படும் ஈரல் சுருக்க நோய் ஏற்கெனவே இருந்தால் இந்த வளர்ச்சி மெதுவாகவும் குறைவாகவும் இருக்கும். கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் அப்படி ஏற்கெனவே பழுதுபட்ட ஈரலில்தான் தோன்றுகிறது. ஆகவே இந்த நோயாளி ஒரே சமயத்தில் இரண்டு நோய்களிலிருந்து தேறி வருகிறார்: ஒன்று அறுத்து எடுக்கப்பட்ட கட்டி, மற்றொன்று உள்ளேயே இருக்கும் ஈரல் நோய். பார்க்க வருகிறவர்கள் ‘கட்டிதான் எடுத்தாச்சே, ஈரலும் வளர்ந்துடுமாம், பிறகென்ன?’ என்று நல்லெண்ணத்தோடு சொல்லும்போது, அந்த இரண்டாவது நோயை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நோயாளியோ, எல்லாம் சரியாகிவிட்டதாக ஊரே சொல்லும்போது தனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று தன்னையே நொந்துகொள்ளத் தொடங்குகிறார்.

மருத்துவமனையில் இருக்கும்வரை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருக்கும். குழாயை எடுப்பார்கள், எழுந்து உட்காரச் சொல்வார்கள், நாலடி நடக்கச் சொல்வார்கள். மனமும் அந்தந்த நாளின் வேலையிலேயே நின்றுவிடும். வீட்டுக்கு வந்து, உறவினர் வரத்தும் ஓய்ந்து, அடுத்த பரிசோதனைக்கு இன்னும் நாட்கள் இருக்கும் வேளையில்தான் நடந்தது என்ன என்பது முழுமையாக உறைக்கிறது. பலருக்கு மனம் தளர்வது அந்த வாரங்களில்தான். இதை முன்கூட்டியே வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லி வைத்துவிடுங்கள். எதிர்பார்த்திருக்கும் தளர்ச்சியைத் தாங்குவது எளிது. அதை நன்றி கெட்டதனமாகவோ கோழைத்தனமாகவோ யாரும் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

முதலில் கேட்க வேண்டியது: இது மனமா, ஈரலா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

வீடு திரும்பிய மூன்றாவது வாரத்தில் அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டார். பகலெல்லாம் உறக்கம், இரவில் விழித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி இருப்பார். கேட்ட கேள்விக்கு விடை வரச் சற்று நேரம் பிடித்தது. மனம் உடைந்துவிட்டது என்றே நாங்கள் முடிவு கட்டினோம். பக்கத்தில் உட்கார்ந்து பழைய புகைப்படங்களைக் காட்டினோம். ‘தைரியமா இருக்கணும் அக்கா’ என்று ஒரு வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு படிவத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டி வந்தது. நாற்பது ஆண்டுகளாக ஒரே மாதிரி போட்டுவந்த கையெழுத்து அன்று கோட்டை விட்டு இறங்கி, எழுத்தின் மேல் எழுத்து ஏறிக் கிடந்தது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் அக்காவின் இரு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, வண்டியை நிறுத்துவது போல மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி வைத்திருக்கச் சொன்னார். சில நொடிகளில் உள்ளங்கைகள் தட்டித் தட்டி விழுந்து எழுந்தன. ‘மலம் போய் எத்தனை நாளாச்சும்மா?’ என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. வலி மாத்திரையால் வந்த மலச்சிக்கலை நாங்கள் ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்கவில்லை.

ஈரல் தளர்ந்திருக்கும்போது, குடலில் உண்டாகும் அம்மோனியா போன்ற நச்சுப்பொருள்களை அதனால் முழுமையாக வடிகட்ட முடிவதில்லை. அவை மூளையை எட்டிக் குழப்பத்தை உண்டாக்குகின்றன. இதற்கு ஹெபாட்டிக் என்செபலோபதி என்று பெயர். பகலும் இரவும் தலைகீழாவது, பேச்சு மந்தமாவது, எளிய கணக்கில் தடுமாறுவது, இயல்புக்கு மாறான எரிச்சல், கையெழுத்து கோணுவது, கைகள் தட்டித் தட்டி விழுவது ஆகியவை அதன் அறிகுறிகள். ஆரம்பத்தில் இது மனச்சோர்வைப் போலவே தோன்றும். மலச்சிக்கல், கிருமித்தொற்று, உடலில் நீர் வற்றுவது, குடலில் இரத்தக்கசிவு, தூக்க மாத்திரை, சில வகை வலி மாத்திரைகள் ஆகியவை இதைத் தூண்டிவிடும். லாக்டுலோஸ் என்னும் மருந்தை, நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை இளக்கமாக மலம் போகும் அளவில் கொடுப்பது வழக்கமான சிகிச்சை. அக்கா மூன்று நாட்களில் தெளிந்தார். அந்த ஒரு வாரத்தில் என்ன நடந்தது என்பது அவருக்கு இன்றும் பாதிதான் நினைவிருக்கிறது. நான் சொன்ன ஆறுதல் ஒன்றுகூட அந்த நினைவில் இல்லை.

ஆகவே, ஈரல் சுருக்கம் உள்ளவர் என்றால் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு நோட்டில் அன்றைய தேதியையும் தன் பெயரையும் ஒரு வாக்கியத்தையும் அவரே எழுதும்படி பழக்குங்கள். மலம் எத்தனை முறை போனது என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். கையெழுத்தில் மாற்றம், பகல் உறக்கம், குழப்பம் ஆகியவை தெரிந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இரத்த வாந்தி, கரிய நிற மலம், காய்ச்சல், எழுப்பினாலும் விழிக்காத உறக்கம் இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மூளைக் குழப்பம் இல்லை என்று தெரிந்த பிறகும், மனத்தின் கணக்கில் எழுதுவதற்கு முன் உடலின் மற்றக் காரணங்களையும் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது. இரத்தசோகை, சோடியம் குறைவு, தணியாத வலி, பித்தத் தேக்கத்தால் வரும் தோல் அரிப்பு ஆகிய எல்லாமே ஒருவரை ஒடுங்கச் செய்யும். ஈரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஸ்டீராய்டு மருந்து மனநிலையை ஏற்றி இறக்கும். மாற்று ஈரலை உடல் ஏற்க மறுக்காதிருக்கத் தரப்படும் டாக்ரோலிமஸ் என்ற மருந்து கைநடுக்கத்தையும் உறக்கக் கேட்டையும் தரக்கூடும். உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கச் செய்யும் இம்யூனோதெரபி எடுப்பவர்களுக்குத் தைராய்டு சுரப்பி பாதிக்கப்பட்டு அதனாலேயே சோர்வு வரலாம். இவற்றில் பெரும்பாலானவை எளிய இரத்தப் பரிசோதனையிலோ ஐந்து நிமிடப் பேச்சிலோ தெரிந்துவிடும்.

ஓய்வெடுத்தாலும் போகாத களைப்பு

இந்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் மிகப் பலர் சொல்லும் குறை களைப்புதான். உழைத்துக் களைப்பது உறங்கினால் தீரும்; இது உறங்கினாலும் தீர்வதில்லை. வெளியே தெரியாத காரணத்தால், வீட்டார் சோம்பல் என்று எண்ணிவிடவும் வாய்ப்புண்டு. இதற்கு முழு ஓய்வு மருந்தாகாது. படுத்தே இருந்தால் தசை மெலிந்து களைப்பு கூடுகிறது. ஈரல் சுருக்கம் உள்ளவர்களிடம் தசை மெலிவது இன்னும் வேகமாக நடக்கிறது.

முதல் வாரங்களில் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு முறை நடந்தால் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகமே சரியான அளவு. அறுவை மருத்துவர் அனுமதித்த பிறகு படிப்படியாகக் கூட்டி, வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்ற அளவை எட்டலாம். களைப்பு, மனச்சோர்வு, மனப்பதற்றம் மூன்றுக்குமே புற்றுநோயிலிருந்து தேறுகிறவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு இதுதான். வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்குப் பின் 6 முதல் 8 வாரம் வரை கனமான எதையும் தூக்கக் கூடாது. உணவுக்குழாயில் இரத்தநாளம் புடைத்திருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், பளு தூக்குவது பற்றி அதன் பிறகும் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஒரு நாளில் உடம்பு தெம்பாக இருக்கும் நேரம் எது என்பதை ஒரு வாரம் குறித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மனத்துக்குப் பிடித்த வேலையை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலோர் தெம்பான நேரத்தைக் குளியல், மருந்து, பில் கட்டுவது என்று கடமைகளில் செலவழித்துவிட்டு, களைத்துப்போன நேரத்தில் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து, அதிலும் மகிழ்ச்சி இல்லையே என்று வருந்துகிறார்கள். இந்த வரிசையை மாற்றியதே அக்காவுக்குப் பெரிய திருப்பமாக இருந்தது.

உணவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஈரல் நோயாளிக்குப் புரதம் ஆகாது என்ற பழைய கருத்து இன்னும் பல வீடுகளில் உலவுகிறது. மருத்துவம் அதைக் கைவிட்டுவிட்டது. ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பதே இன்றைய வழிகாட்டுதல். தளர்ந்த ஈரலால் சர்க்கரையைப் போதுமான அளவு சேமித்து வைக்க முடியாததால், ஓர் இரவு வெறும் வயிறாகக் கிடப்பதே அந்த உடம்புக்கு நீண்ட பட்டினிபோல ஆகித் தசையைக் கரைக்கிறது. சிறுசிறு அளவாகப் பலமுறை உண்பதும், படுக்கப்போகும் முன் சிறிது உண்பதும் காலைநேரச் சோர்வைக் கண்கூடாகக் குறைக்கும்.

உறக்கம்

உறக்கம் வரவில்லை என்றதும் வீட்டில் யாருக்கோ வாங்கி வைத்திருந்த தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். தளர்ந்த ஈரலில் அந்த மருந்து நெடுநேரம் தங்கி, மேலே சொன்ன மூளைக் குழப்பத்தை வரவழைக்கும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, விழித்ததும் வெளிச்சத்தில் சற்று நேரம் இருப்பது, பகல் உறக்கத்தை அரைமணி நேரத்துக்குள் நிறுத்துவது ஆகிய மூன்றையும் இரண்டு வாரமாவது விடாமல் செய்து பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால், உறக்கமின்மைக்கென்றே வகுக்கப்பட்ட நடத்தைச் சிகிச்சை இருக்கிறது; அது மாத்திரை இல்லாத சிகிச்சை.

ஸ்கேன் நாள் நெருங்கும்போது

முதல் இரண்டு ஆண்டுகளில் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், கட்டி இருந்தால் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் ஏ.எஃப்.பி. என்ற இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். அந்தத் தேதி நெருங்க நெருங்க வீட்டின் காற்றே மாறிவிடும். ஸ்கேனுக்கு முந்தைய இரவு அக்கா மடித்து வைத்த துணிகளை எல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து மறுபடி மடிப்பார். முடித்ததும் மீண்டும் கலைத்து மடிப்பார். ‘என்னக்கா இது?’ என்று கேட்டபோது, ‘கை சும்மா இருந்தா வயித்தைத் தடவிப் பார்க்குதுடா தம்பி’ என்றார். அதன்பிறகு நானும் உட்கார்ந்து மடித்தேன்.

இந்த அச்சம் வீணான கற்பனை அன்று. கல்லீரல் புற்றுநோய் அறுவைக்குப் பின் 5 ஆண்டுகளுக்குள் மீண்டும் தோன்றுவது பாதிக்கும் மேற்பட்டோரிடம் காணப்படுகிறது. அதனால்தான் ‘ஒன்றும் வராது, பயப்படாதே’ என்ற ஆறுதல் நோயாளியின் காதில் ஏறுவதில்லை. தன் பயத்தைச் சொல்லக்கூட இங்கே இடமில்லை என்று அவர் வாயை மூடிக்கொள்வதே அதன் பலன். ‘வரலாம், வந்தால் சீக்கிரமே கண்டுபிடிக்கத்தான் இந்த ஸ்கேன், சிறிதாக இருக்கும்போது செய்ய வழிகள் இருக்கின்றன’ என்பது உண்மை. அந்த உண்மையைச் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதே அச்சத்தைக் குறைக்கிறது.

அச்சத்தைச் செயலாக மாற்றவும் ஒரு வழி உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பி வருவது பெரும்பாலும் பழைய கட்டியின் மிச்ச செல்களால். அதற்குப் பின் வருவது பெரும்பாலும் பழுதான ஈரலில் புதிதாக உருவாகும் கட்டி. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவதற்கு நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: ஹெபடைடிஸ் பி இருந்தால் அதற்கான மருந்தை ஒரு நாளும் விடாமல் எடுப்பது (தானாக நிறுத்தினால் வைரஸ் சீறி எழக்கூடும்), ஹெபடைடிஸ் சி இருந்தால் இன்றைய மாத்திரைகளால் அதை எப்போது குணப்படுத்துவது என்று மருத்துவரைக் கேட்பது, மதுவை அறவே விடுவது, சர்க்கரை நோயையும் உடல் எடையையும் கட்டுக்குள் வைப்பது. ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள மாதங்களில் செய்ய வேலை இருக்கிறது என்ற உணர்வே மனத்துக்குப் பிடிமானம் ஆகிறது.

ஸ்கேன் வாரத்துக்கென்று சில ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். முடிவு என்று கிடைக்கும், யார் சொல்வார்கள், தொலைபேசியிலா நேரிலா என்பதைப் பரிசோதனைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அறிக்கை கைப்பேசிக்கு வந்தால் இரவில் தனியாகத் திறந்து பார்ப்பதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அறிக்கையிலுள்ள சொற்கள் மருத்துவருக்காக எழுதப்பட்டவை, நள்ளிரவில் இணையத்தில் தேடினால் அவை இருமடங்கு கொடியவையாகத் தெரியும். ஏ.எஃப்.பி. எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஈரல் அழற்சியிலும் அது கூடும். கட்டி இருந்தும் கூடாதவர்களும் பலர் உண்டு. அதன் போக்கையும் ஸ்கேனையும் சேர்த்தே மருத்துவர் பார்ப்பார்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குவது பலருக்கு உதவுகிறது. மாலையில் இருபது நிமிடம், ஒரே நாற்காலி, ஒரு நோட்டு. பகலில் கவலை தலைதூக்கும்போது ‘மாலையில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரு சொல்லில் குறித்துவிட்டு நகர வேண்டும். மாலையில் அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘செய்யக்கூடியது’, ‘செய்ய ஏதுமில்லாதது’ என்று பிரித்து எழுத வேண்டும். முதல் வகைக்கு அடுத்த அடி என்ன என்று ஒரு வரி. இரண்டாவது வகையை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டு நோட்டை மூடிவிடலாம். ஸ்கேன் அறை வாசலில் இதற்கெல்லாம் நேரமிராது. அங்கே மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவது போதும்.

சோர்வு, மனச்சோர்வு ஆகும்போது

இரண்டு கேள்விகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தோ நம்பிக்கையற்றோ இருந்ததா? வழக்கமாகப் பிடிக்கும் செயல்களில் நாட்டமே இல்லாமல் போனதா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் பல மருத்துவமனைகளில் பயன்படுகிறது; மொத்த மதிப்பெண் 27, அதில் 10 அல்லது அதற்கு மேல் என்றால் முறையான மதிப்பீடு தேவை. ஆனால் பசியின்மை, களைப்பு, உறக்கக்கேடு ஆகியவையும் அந்தப் படிவத்தில் எண்ணப்படும். அவை ஈரல் நோயாலும் வருபவை. ஆதலால் இந்த நோயாளிகளிடம் எண்ணைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை வேறு: எதிலும் இன்பம் இல்லாமை, ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்ற பேச்சு, தன்னைத் தானே பழிப்பது, மருந்தைச் சாப்பிட மறுப்பது.

‘செத்துவிட்டால் நல்லது என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்க அஞ்ச வேண்டாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. உள்ளே இருப்பது வெளியே வர வழி கிடைக்கிறது. ‘ஆம்’ என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் மாற்றுங்கள், அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள்.

மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. எந்த மருந்து என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். மனநல மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே ‘எனக்கு ஈரல் அறுவை நடந்திருக்கிறது, ஈரல் சுருக்கம் இருக்கிறது’ என்று சொல்லி, கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளையும் மருந்துப் பட்டியலையும் கொடுங்கள். பல மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்க வேண்டியிருக்கும். டுலோக்ஸெட்டின் என்ற மருந்து நாள்பட்ட ஈரல் நோயில் தவிர்க்கப்படுகிறது. மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் இரத்தக்கசிவு வாய்ப்பைச் சற்றுக் கூட்டும் என்பதால், உணவுக்குழாய் இரத்தநாளப் புடைப்பு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே பயனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. ‘இயற்கையானது’ என்று விற்கப்படும் மனஅமைதி மூலிகைகளில் காவா ஈரலையே கெடுக்கக்கூடியது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ஈரல் மாற்று நோயாளிகளின் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைக் குறைத்துவிடும். ஈரலுக்கு நல்லது என்று யார் எதைக் கொடுத்தாலும் மருத்துவரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள்.

மருந்தோடு சேர்த்தோ, இலேசான நிலையில் மருந்து இல்லாமலோ, பேச்சுச் சிகிச்சை பயன் தரும். அதில் எளியது, மனம் சரியான பிறகு செயலில் இறங்கலாம் என்று காத்திராமல், சிறு செயலில் முதலில் இறங்கி மனத்தை அதன்பின் வரச் செய்வது. அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொள்வது. பளு தூக்கத் தடை இருந்த வாரங்களில் உட்கார்ந்த நிலையில் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு குழந்தையின் கையைப் பிடித்துப் பத்தடி நடந்தார். மருத்துவர் அனுமதித்த பிறகு ஒரு நாள், நான் பின்னால் நிற்க, தூக்கினார். இப்படிப் படிகளாகப் பிரிக்கத்தக்க ஓர் ஆசையைக் கண்டுபிடித்துத் தரும் வேலையை ஆலோசகரைவிட வீட்டாரே நன்றாகச் செய்ய முடியும்.

ஊர்ப் பேச்சும் குற்ற உணர்வும்

ஈரல் நோய் என்றதும் ‘குடிப்பாரோ?’ என்ற கேள்வி பார்வையிலேயே வந்துவிடுகிறது. வாழ்நாளில் மதுவைத் தொடாதவர்களுக்கும் ஹெபடைடிஸ் வைரஸாலோ கொழுப்பு ஈரலாலோ இந்தப் புற்றுநோய் வருகிறது. அந்தப் பார்வைக்கு அஞ்சியே நோயை மறைத்து, உதவி கேட்காமல் ஒதுங்கிவிடுபவர்கள் பலர். எல்லோருக்கும் விளக்கம் சொல்லும் கடமை நோயாளிக்கு இல்லை. ‘வைரஸால் வந்தது, சிகிச்சை நடக்கிறது’ என்ற ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொண்டால் போதும். ஹெபடைடிஸ் பி உள்ளவரோடு சேர்ந்து உண்பதாலும் கட்டி அணைப்பதாலும் அது தொற்றாது. இரத்தத்தாலும் உடலுறவாலும் பிறப்பின்போது தாயிடமிருந்தும் தொற்றும். வீட்டாருக்குப் பரிசோதனையும் தடுப்பூசியும் போட்டுவிட்டால், தனித் தட்டு, தனி டம்ளர் என்ற வேதனையான ஏற்பாடுகளுக்கு இடமே இல்லை.

மதுவால் வந்த நோயாக இருந்தால் பழிச்சொல் இன்னும் ஆழமாகக் குத்தும். அவர் தன்னைத்தானே போதுமான அளவு பழித்துக்கொண்டிருப்பார் என்பதை வீட்டார் நினைவில் வைக்க வேண்டும். மதுப் பழக்கம் மருத்துவம் வேண்டிய நோய். அவமானத்தால் அது தீர்ந்ததாக நான் எங்கும் கண்டதில்லை, ஒளித்துக் குடிக்க வைத்ததைக் கண்டிருக்கிறேன். போதை மீட்புச் சிகிச்சையை அறுவைக்குப் பின்னான சிகிச்சையின் ஒரு பகுதியாகவே மருத்துவரிடம் கேளுங்கள்.

வடுவும் நெருக்கமும்

வலப்புற விலா எலும்புக்குக் கீழே ஓடும் வடு நீளமானது. அதைச் சுற்றி மரத்துப்போன உணர்வு மாதக்கணக்கில் இருக்கலாம். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். கணவன் மனைவிக்கு இடையிலான நெருக்கம் பற்றி மருத்துவர் தாமாகக் கேட்பது அரிது. கல்லீரல் புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கவென்று உருவாக்கப்பட்ட க்யூ.எல்.க்யூ-எச்.சி.சி.18 என்ற 18 கேள்விப் படிவத்திலேயே உடல் தோற்றம், பாலுறவு நாட்டம் ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன. ஆகவே இது கேட்கக் கூடாத கேள்வி அன்று. காயம் ஆறி, மாடி ஏறி இறங்க மூச்சு வாங்காத நிலை வந்ததும், மருத்துவரைக் கேட்டுத் தொடரலாம்.

கூட இருப்பவர்

பார்த்துக்கொள்பவருக்கும் மனச்சோர்வு வருகிறது. நோயாளியின் முன் அதைக் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டினால் அது இன்னும் உள்ளே போகிறது. மேலே சொன்ன இரண்டு கேள்விகளை உங்களிடமும் மாதம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் அரைநாளாவது வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது மருந்து நேரம், அபாய அறிகுறிகள், மருத்துவமனை எண் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால், வெளியே போயிருக்கும் நேரத்தில் உங்கள் மனமும் வீட்டிலேயே கிடக்காது.

நோய் திரும்பிவிட்டால் என்ன செய்வது என்பதையும், எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு நாளில், மருத்துவரோடு ஒருமுறை பேசி வைத்துவிடுங்கள். மறுபடி அறுவை, ஊசி வழியே கட்டியைச் சுட்டழிக்கும் அப்லேஷன், இரத்தநாளம் வழியே மருந்து செலுத்தும் முறை, மாத்திரை அல்லது இம்யூனோதெரபி, சிலருக்கு ஈரல் மாற்று என்று வழிகள் உண்டு. எவருக்கு எது பொருந்தும் என்பது கட்டியின் அளவு, எண்ணிக்கை, எஞ்சிய ஈரலின் வலு ஆகியவற்றைப் பொறுத்தது. வலி தணிப்பு மருத்துவத்தைக் கடைசிக் கட்டத்துக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டாம். அரிப்பு, வலி, உறக்கக்கேடு எதுவானாலும் எந்தக் கட்டத்திலும் அந்த மருத்துவர்களை நாடலாம். எங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டபோது, அவர் சொன்னதை அக்கா தன் கையாலேயே அந்தப் பழைய நோட்டில் எழுதிக்கொண்டார். தேதி, பெயர், பிறகு நான்கு வரி. எழுத்துகள் கோட்டின்மேல் நேராக நின்றன.